சும்மா குந்தியிருக்கும் சாமான்

ஒரு மனிதனுடைய பேச்சின் விலை ஒன்றேகால் ரூபாய். எண்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகை மாத நிலவரம், மூர் மார்க்கெட் விலை. அதையும் கொடுக்காமல் மிச்சம் பிடித்துக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஏறியவள் சிட்டம்மாள். பேச்சு அவள் புருஷனுடையது.

அவளைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அவள் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அப்பா மாட்டுத் தரகர், பெரியப்பா நெல் மண்டி, தாய்மாமன் வைக்கோல் வியாபாரம். அந்த வீட்டில் குழந்தைக்குக் காது குத்தினால், ஆசாரியின் கூலியில் நாலணா குறைந்த பிறகுதான் குழந்தைக்கே அழ உத்தரவு கிடைக்கும். துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற வித்தையை அவள் ஏழு வயதில் கற்றாள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. பத்தா நூறா என்பது சந்தையில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

புருஷன் வேதாசலத்துக்குப் பேரம் சுட்டுப்போட்டாலும் வராது. பதினேழு வருஷம் பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர். மலை உச்சிகளில் கம்பளிக்குள் கையை மட்டும் வெளியே நீட்டி மோர்ஸ் தட்டினவர். ஊருக்குத் திரும்பி ஒன்றரைக் காணி சம்பா பயிரிட்டார். நெல் கொட்டி வைக்கிற அறையில் பாதியை ஒழித்து, தானே செய்த வயர்லெஸ் பெட்டிகளை அடுக்கினார். பரீட்சை எழுதி, சர்க்கார் கொடுக்கிற அமெச்சூர் லைசென்ஸ் வாங்கினார். பனைமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கம்பி கட்டி, அவரைப் போலவே லைசென்ஸ் வைத்திருக்கிற ஊர்தேசத்து ஆட்களோடு பேசினார். பிறகு எழுபத்தாறில் தொண்டையில் கட்டி வந்தது. பட்டணத்தில் அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போனது. கழுத்துக் குழியில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. தூசி படாமல் மெல்லிய துணி ஒன்று எந்நேரமும் அதன்மேல் தொங்கும்.

அப்படிப்பட்டவரால் சூடான காப்பியை ஊதிக் குடிக்க முடியாது. மல்லிப்பூ வாசனை தெரியாது. சிட்டம்மாள்தான் காப்பியை ஆற்றிக் கொடுப்பாள், இன்றைக்கு ரசம் நன்றாக மணக்கிறது என்று சொல்லியும் கொடுப்பாள். வீட்டில் பேச்சு சிலேட்டுப் பலகையில் நடந்தது. எண்ணிக்கை சமாசாரம் மட்டும் துண்டுக்குள் விரலில் நடந்தது, அதை அவள்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள்.

ஆனால் காற்றில் ஒரு சௌகரியம் உண்டு. அங்கே யாருக்கும் வாய் கிடையாது, விரல்தான். நாக்பூரில் ஒரு ரயில்வேக்காரர், கோலாரில் சுரங்கத்து ஆள் ஒருவர், கொழும்பில் ஒரு டாக்டர். அவர்களில் ஒருவருக்கும் உத்திரமேரூர்க்காரருக்குக் குரல் இல்லை என்பது தெரியாது. நல்ல பேச்சுக்காரர் என்று பெயர். விடிகிற நேரத்தில் ஏரியிலிருந்து பனி எழுந்து தெருவுக்குள் வரும். நாமக்கோழிகள் தண்ணீரில் கத்தும். சிட்டம்மாள் அரைத்தூக்கத்தில் படுத்திருப்பாள். நெல்லறையிலிருந்து கீச் கீச்சென்று சத்தம் வரும். பறவை எது, புருஷன் எது என்று பிரித்துப் பார்க்க அவள் முயன்றதில்லை. இரண்டும் ஒரே பனியிலிருந்து வந்தன. சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை வீட்டில் ஒரு ஆண்பிள்ளை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான், அவ்வளவு போதும் என்று திரும்பிப் படுப்பாள்.

அந்தப் பேச்சுக்கு ஒரு கெடு இருந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க, டிசம்பர் முடிவதற்குள் வருஷத்துக்கு நாற்பது பேரிடமாவது பேசியதாக நோட்டில் கணக்கு இருக்க வேண்டும். மற்ற வருஷங்களில் இருநூறைத் தாண்டும். இந்த வருஷம் பாதி நாள் ஆஸ்பத்திரியில் போனது. முப்பத்து மூன்றில் நின்றபோது, ஐப்பசி மழையில் கூரை ஓடு சரிந்து, பேசுவதற்கும் கேட்பதற்கும் ஆண்டெனாவை மாற்றுகிற பீங்கான் சுவிட்சை உடைத்துப் போட்டது. லைசென்ஸ் போனால் மறுபடி பட்டணத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். இந்த உடம்போடு அது ஆகாது என்று பலகையில் எழுதிக் காட்டினார். எழுதியதைத் தானே சீக்கிரம் அழித்தும் விட்டார்.

சுவிட்சுக்குப் பதிலாகப் புதிய ஏற்பாடு ஒன்று படம் போட்டார். தீப்பெட்டி அளவில் ரிலே. அதற்குள் செப்புக் கம்பி சுற்றிய காயில். மோர்ஸ் சாவியை அழுத்தினால் ஒரு டிரான்சிஸ்டர் காயிலுக்குக் கரண்டு கொடுக்கும், ரிலே டிக்கென்று இழுக்கும், ஆண்டெனா பேசுகிற பெட்டிக்கு மாறும். சாவியை விட்டால் கரண்டு நிற்கும், ரிலே விழும், ஆண்டெனா கேட்கிற பெட்டிக்குத் திரும்பும். கையே தேவையில்லை. பஸ் புழுதி கழுத்துத் துளைக்கு ஆகாது. ஆகவே சாமான் பட்டியலை வாங்கிக்கொண்டு சிட்டம்மாள் பட்டணம் போனாள்.

கடைக்காரர் ஏசுதாஸ். கோணியை விரித்து, பால்டின்களில் பழைய உதிரிகளைக் கொட்டி வைத்துக்கொண்டு சந்தில் உட்கார்ந்திருப்பார். மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காது நூல். பட்டியலைப் படித்து, டின் டின்னாகத் துழாவி, சாமானைக் காகிதத்தில் வைத்து முப்பத்து நாலு ரூபாய் என்றார். சிட்டம்மாள், தான் கன்றுக்குட்டி ஓட்டிப்போக வரவில்லை என்று தெரிவித்து இருபதில் ஆரம்பித்தாள். அரைமணி நேரம் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். இருபத்தொன்பதில் ஏசுதாஸ் நின்றுவிட்டார். விலை நின்றால் சரக்கைக் குறை என்பது அவள் அப்பாவின் பாடம். காகிதத்தில் இருந்த ஒரு பொடிச் சாமானைத் தொட்டுக் காட்டினாள்.

“இது இன்னாப்பா, மொளகு மாதிரி?”

“டயோடும்மா. ஒண்ணே கால். ரிலே காயிலுக்குக் குறுக்கால வெக்கிறது.”

“இன்னா வேல செய்யும்?”

ஏசுதாஸ் நேர்மையானவர். நேர்மையான வியாபாரிக்கு அவனுடைய நாக்கே எதிரி. “ரிலே இழுக்க சொல்லோ ஒண்ணும் செய்யாது. சும்மா குந்திகினு இருக்கும். விட சொல்லோதான் அதுக்கு வேல.”

“இழுக்கற மாட்டுக்குத் தீனி போடலாம். குந்திகினு கீறதுக்கு இன்னாத்துக்குப் போடணும்?”

அது இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லத் தொடங்கினார். அதற்குள் அவள் பென்சிலால் பட்டியலில் ஒரு கோடு கிழித்து, அந்தப் பொடிச் சாமானை டின்னுக்குள் போட்டுவிட்டாள். மிச்சமான ஒன்றேகால் ரூபாய்க்கு மார்க்கெட் வாசலில் சப்போட்டா வாங்கினாள். அவருக்கு விழுங்கச் சுலபம்.

ஆக, அன்று சாயங்காலம் வேதாசலம் தம்முடைய டயோடைத் தோலுரித்துத் தின்றார். சாமானைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். டயோடு கடையில் இல்லையாம் என்றாள். அவர் பட்டியலை மறுபடி ஒரு தரம் படித்தார். பிறகு அதை நாலாக மடித்து, கணக்கு நோட்டுக்குள் வைத்தார்.

மறுநாள் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலை. ஈயப்புகை கழுத்துத் துளைக்குள் போனால் இருமல் தாங்காது. சிட்டம்மாள் எதிரில் உட்கார்ந்து பனைவிசிறியால் புகையைச் சன்னல் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டு ஈயம், நாலு விசிறல். மத்தியானம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஆறிப்போயின. நாலு மணிக்குச் சாவியை அழுத்தினார். டிக். விட்டார். டிக். அவள் தலையை ஆட்டி, நல்ல ஜோடி மாடு என்றாள்.

ஐந்து நாளில் ஐந்து பேர். முப்பத்தெட்டு. ஆறாம் நாள் காலையில் கோலார்க்காரரை அழைத்தார். அவர் பதில் கொடுத்தார். வேதாசலம் ஊர் மழையைப் பற்றி நீளமாக ஏதோ தட்டிவிட்டு விரலை எடுத்தார். விழுகிற டிக் வரவில்லை. சாவியைத் தூக்கிப் பார்த்தார், பெட்டியைத் தட்டினார். ரிலே பிடித்த பிடியை விடவில்லை. டிரான்சிஸ்டர் செத்து, கரண்டை நிறுத்தத் தெரியாமல் வாயைத் திறந்தபடி கிடந்தது. ஆண்டெனா பேசுகிற பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. கோலாரில் ஒருவர் அந்நேரம் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், காதில் விழாத பேச்சு கணக்கில் சேராது. கேட்கிற பெட்டியில் வெறும் இரைச்சல், ஏரிக்கரையில் கோரைப்புல் அசைகிற மாதிரி.

உபரியாக வாங்கிய இரண்டாவது டிரான்சிஸ்டரைப் போட்டார். அது மறுநாள் மூன்றாவது அழைப்பில் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கையாலேயே கம்பியைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார். மருந்தில் நடுக்கம் கண்ட விரல்கள். சொருகி முடிப்பதற்குள் எதிராளி ஆளில்லை என்று போய்விடுவார். மூன்றாம் நாள் பெட்டிகள்மேல் ஒரு துண்டைப் போர்த்தினார். பலகையை ஆணியில் மாட்டினார்.

மார்கழி பிறந்தது. கதிர் பால் பிடிக்கிற காலம், வயலுக்குள் இறங்க வேலையில்லை. பனி பத்து மணி வரை ஏறாமல் கிடந்தது. வேதாசலம் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். வெள்ளைத் துணியும் வெள்ளைப் பனியும் சேர்ந்து, கரையில் ஒரு மனிதன் பாதிதான் வரையப்பட்டிருக்கிறான் என்று தோன்றும். விடிகாலையில் நாமக்கோழி மட்டும் கத்தியது. சிட்டம்மாளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வீட்டில் இப்போதுதான் அறுவை நடந்தது போல இருந்தது. எதைக் கேட்டாலும் அவர் தலையை அசைத்தார், அல்லது அசைக்கவில்லை. ஆள் தன்மேலேயே நம்பிக்கை இழந்துவிட்டார் என்று நினைத்தாள். அந்த மிளகளவு சாமானின் நினைவு அவளுக்கு வரத்தான் செய்தது. சும்மா குந்தியிருப்பது இல்லாததால் இழுக்கிறவன் எப்படிச் சாவான் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, துண்டை விரித்து, இரண்டு பேர் கையையும் மூடினாள்.

“இன்னும் எத்தினி பேருங்க?”

இரண்டு விரலைப் பிடித்தார்.

“எத்தினி நாளு கீது?”

நாலு விரல். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பட்டணம் போனாள். செத்த இரண்டு டிரான்சிஸ்டரும் முந்தானை முடிச்சில் இருந்தன. செங்கல்பட்டு வரை சண்டைக்கு வார்த்தைகளைப் பொறுக்கினாள். தாம்பரம் தாண்டும்போது அவற்றில் பாதி உதிர்ந்துவிட்டன. ஏசுதாஸ் அந்த இரண்டையும் மீட்டரில் வைத்துப் பார்த்தார். கோபப்படவே இல்லை.

“ரெண்டும் ஒரே மாதிரி செத்துகீதும்மா. டயோடு வேற எங்கியாவது வாங்கிப் போட்டாரா உங்க வூட்டுக்காரரு?”

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் ஒரு பழைய ரிலேயை எடுத்து, பேட்டரியில் தொட்டுக் கொடுத்து, அவள் விரலைக் கம்பிமேல் வைக்கச் சொல்லிக் கரண்டை வெட்டினார். சுரீர் என்று ஓர் அடி. கையை உதறிக்கொண்டாள்.

“பன்னெண்டு வோல்ட்டு பேட்டரிதாம்மா. அது ஒண்ணும் அடிக்காது. காயிலு வாங்குன கரண்ட திடீர்னு நிறுத்துனா அதுக்கு ஆவாது. வாங்குனத ஒரே வீச்சா திருப்பி எறியும். நூறு, எரநூறு வோல்ட்டா வரும். எதிர்ல குந்திகினு கீற டிரான்சிஸ்டரு மூஞ்சில வுழும். எத்தினி அடிதான் தாங்கும்?”

“பன்னெண்டு குடுத்தா எரநூறா. இன்னா வட்டி அது.”

“டயோடு இருந்தா அதுக்கு ஒரு சந்து. எறியறது அந்தச் சந்துல பூந்து, காயிலயே சுத்தி சுத்தி வந்து அடங்கிப் பூடும். அதனாலதான் மத்த நேரம் சும்மா குந்திகினு கீது.”

சிட்டம்மாளுக்கு மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா மண்டி வாசலில் நெல் பாரம் ஏற்றிய கட்டை வண்டி வந்து நிற்கும். வண்டிக்குப் பின்புறம் அடியில் ஒரு முட்டுக்கட்டை தொங்கும். ஊரிலிருந்து வரும் வரை அதற்கு ஒரு வேலையும் கிடையாது, ஆடிக்கொண்டே வரும். மாட்டை அவிழ்க்கும்போது அதை ஊன்றாமல் விட்டால் பின்பாரம் சாய்ந்து, நுகத்தடி துள்ளி எழுந்து, அவிழ்த்தவன் மோவாயைப் பெயர்க்கும். பல் போன வண்டிக்காரர்கள் இரண்டு பேரை அவளுக்கே தெரியும். முட்டுக்கட்டை வேலை செய்யவில்லை என்று கழற்றி விறகுக்கு விற்றவன் எவனும் அந்த மண்டியில் கிடையாது.

டயோடு விலை ஏறிவிட்டது, ஒன்றரை என்றார் ஏசுதாஸ். ஒன்றேகாலுக்கு முடித்தாள். குற்றம் வேறு, வியாபாரம் வேறு. டிரான்சிஸ்டரும் இரண்டு வாங்கினாள்.

வீடு வந்து சேரும்போது மணி நாலரை. வேதாசலம் நெல்லறையில் குதிர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். காகிதத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். டயோடை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தவர், ஆணியிலிருந்து பலகையை எடுத்தார். எழுதிக் காட்டியது இது: பணம் எப்படிக் கிடைத்தது?

அவளுக்குப் புரியவில்லை. கணக்கு நோட்டைப் பிரித்து நாலாக மடித்த பட்டியலை எடுத்துக் காட்டினார். அதில் அவள் பென்சில் கோடு. டயோடு இல்லாத ரேடியோ கடை உண்டா, உப்பு இல்லாத மளிகைக் கடை உண்டா என்று எழுதினார். கையில் காசு இல்லாமல் அடித்திருக்கிறாய் என்று அன்றே தெரிந்தது. காதில் கம்மலும் இல்லை, அடகுக்குப் போயிருக்கும். ஆஸ்பத்திரிக்கே இவ்வளவு போகிறபோது மறுபடி எப்படிக் கேட்பது.

கம்மல் திருகு தேய்ந்துபோய்த் தட்டானிடம் இருந்தது. மடப்பயல் கார்த்திகையிலிருந்து இழுத்தடிக்கிறான். சிட்டம்மாள் பலகையை இரண்டு தரம் படித்தாள். பிறகு, ஐந்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் போடாத சத்தத்தைப் போட்டாள். நீங்க போய் நீ வந்துவிட்டது.

“காசு இல்லாம அடிக்கல. திமிருல அடிச்சேன். எங்கப்பன் குடுத்த திமிரு. குந்திகினு கீறதுக்குக் காசு இன்னாத்துக்குன்னு அடிச்சேன். அதனாலதான் ரெண்டும் செத்துதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிகினு பதினஞ்சு நாளு ஏரிக்கரைல போயி குந்திகினு இருந்த. பலக கீது, பல்பம் கீது. கொழும்புல கீற டாக்டருகிட்ட மழையா வெயிலான்னு தெனம் கேக்கற. பக்கத்துல படுத்துகினு கீறவள, ஏண்டி இப்பிடி செஞ்சன்னு கேக்க வாயில்லையா உனக்கு?”

சொல்லி முடித்த பிறகுதான் எந்த வார்த்தையைச் சொன்னோம் என்பது காதில் விழுந்தது. அறுவைக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அந்த வார்த்தையை எவரும் உச்சரித்ததில்லை. கறிக்காரி வாசலில் சொன்னால்கூடச் சிட்டம்மாள் பேச்சை மாற்றிவிடுவாள். அப்படியே குதிரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

வேதாசலத்தின் கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. இருமல் என்று பதறினாள். இருமல் இல்லை. தோள் குலுங்கியது, கண்ணோரம் நீர் கட்டியது, துணி காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத சிரிப்பு, கழுத்து வழியாக, நிறுத்த முடியாமல். அவளுக்கும் உதடு துடித்தது, அழுகையில் ஆரம்பித்துச் சிரிப்பில் போய் முடிந்தது. அடங்க நெடுநேரம் ஆயிற்று. பிறகு அவர் ஈயக்கோலை அடுப்பில் வைத்தார். அவள் விசிறியைத் தேடினாள்.

நாக்பூர் ரயில்வேக்காரர் முப்பதாம் தேதி காலையில் கிடைத்தார். முப்பத்தொன்பது. கடைசி நாள் காலை முழுக்க இரைச்சல்தான். அழைத்து அழைத்து மத்தியானம் ஆனது. அவர் சாப்பிட எழவில்லை, அவளும் கூப்பிடவில்லை. மூன்று மணிக்கு யாரோ பதில் கொடுத்தார்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் போலிருக்கிறது, நெல்லூர்ப் பக்கம். தவழ்கிற பிள்ளை படியேறுவது போல எழுத்துக்கு எழுத்து உட்கார்ந்து எழுந்து வந்தது அவர் மோர்ஸ். வேகமாகத் தட்டினால் அவருக்குப் புரியாது. ஆகவே வேதாசலமும் ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளி விட்டுத் தட்டினார். ஒவ்வொரு இடைவெளியிலும் ரிலே விழுந்து விழுந்து எழுந்தது.

இழுப்பதைப் பற்றிச் சிட்டம்மாளுக்கு இப்போது கவலையில்லை. ஒவ்வொரு தடவை விழும்போதும் எரநூறு வோல்ட்டு அந்த மிளகளவு சந்துக்குள் புகுந்து சுற்றுவதை அவள் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். டிக். போயிற்று. டிக். அடங்கிற்று. வெயில் சன்னல் வழியாக நெல்தூசியில் இறங்கி, அறை முழுக்கப் பொன் அரைத்துத் தூவியது போல மிதந்தது. எண்ணிக்கொண்டே வந்தவள் இருநூறுக்கு மேல் விட்டுவிட்டாள். நாற்பது நிமிஷம் கழித்து வேதாசலம் விரலை எடுத்தார். ரிலே கடைசியாக ஒரு தரம் விழுந்தது. நெல்லூர்ப் பிள்ளை தட்டுத் தடுமாறி வணக்கம் சொல்லி விடைபெற்றது தெளிவாகக் கேட்டது.

நோட்டை இழுத்து, நிலையம், தேதி, நேரம், சத்தத்துக்கு மார்க் என்று வழக்கமான வரியை எழுதினார். அவர் கணக்கு எப்போதும் இங்கிலீஷில் இருக்கும், அவள் படித்ததில்லை. அன்று அந்த வரிக்குக் கீழே, சர்க்காருக்குப் போகாத பென்சிலில், தமிழில் இன்னொரு வரி எழுதி நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.

நிலையம்: சிட்டம்மாள், உத்திரமேரூர். தேதி: இருபத்தெட்டு. நேரம்: மாலை நாலரை. சத்தம்: இதற்கு மேல் மார்க் கிடையாது. கேட்டது: ஏன் கேட்கவில்லை என்று.

அதற்குக் கீழே கோடு போட்டு, வருஷ முடிவுக் கணக்கு:

பேசியது நாற்பது. பதில் பாக்கி ஒன்று.